பெயர் அனுப்பப்படாத பிள்ளை

இராசிபுரம் பக்கத்து ஊரொன்றில் ஒரு சிறுமியை அறிவேன். பெற்றோருக்குக் கோழிப்பண்ணையில் கூலி வேலை. அட்டைக்கு 30 முட்டை. எத்தனை அட்டை ஏறியது, உடைந்தது போக மிச்சம் எவ்வளவு என்று தாளின்றிச் சொல்லிவிடுவாள். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்தாள். தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு அவள் பெயரைப் பள்ளி அனுப்பவில்லை. ஏழாம் வகுப்பில் வேண்டிய 55 விழுக்காட்டை அவள் தாண்டியிருந்தாள். ஆயினும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைவாம், எழுதினாலும் தேறமாட்டாளாம்.

மனத்திறனுக்கு 90 வினா, படிப்பறிவுக்கு 90 வினா. தேறித் தெரிவுபெற்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு அது ஒரு தொகையன்று. பண்ணைக் கொட்டகையில் குடியிருப்பவருக்கு, பெண்ணை மேலே படிக்க விடுவதா என்பதையே அது தீர்மானிக்கும்.

இதைச் சொன்னவுடன் இலக்கிய நண்பர்கள், 'தேர்வு என்பதே மோசடி, ஆசிரியரே தெரிவு செய்யட்டும்' என்கின்றனர். நான் உடன்படவில்லை. இருபதாண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். எங்கள் கண்ணின் இலட்சணம் எனக்குத் தெரியும். துவைத்த சட்டையும் தயங்காத பேச்சும் எங்களுக்கு அறிவாகத் தோன்றும். சாதியும் அந்தக் கண்ணுக்குள்தான் இருக்கிறது. (நான் விதிவிலக்கு என்று சொல்லிக்கொள்ளும் துணிவு எனக்கில்லை.)

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் புரோவர்ட் மாவட்டத்தில், ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளையே மீத்திறன் வகுப்புக்குச் சோதித்து வந்தார்கள். 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் சோதிக்கத் தொடங்கினார்கள். ஏழைகளும் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் கணிசமாகக் கூடினர். அப்பிள்ளைகள் முன்பும் அங்கேயேதான் இருந்தார்கள், பரிந்துரைப்பார்தான் இல்லை.

அதற்காக மதிப்பெண்ணைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். நாமக்கல் மாவட்டத்துக்கு அந்தக் கொண்டாட்டம் புதிதன்று. 2017-இல் அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தும்வரை, மாநில முதலிடங்களின் முகங்களைச் சுவரெல்லாம் பார்த்தோம். 1921-இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் அறிவுத்திறன் சோதனை வைத்து மேதைப் பிள்ளைகளைத் திரட்டினார். அவருடைய வலையில் சிக்காமல் கழிக்கப்பட்டவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வாரெஸ் இருவரும் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றனர்.

ஆகவே மதிப்பெண் ஒரு பிள்ளையை உள்ளே அழைக்கப் பயன்படட்டும். வெளியே நிறுத்த அதற்கு அதிகாரமில்லை. தகுதியுள்ள அத்தனை பேரையும் எழுத விடுங்கள். தேறாதவர்களில் ஆசிரியருக்கு எவர்மீதேனும் நம்பிக்கை இருந்தால், அவர்களுக்காகவும் பேசட்டும். தேர்வுக்கு முன்பே ஒரு தேர்வு வைத்து வடிகட்டுவது பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றுமே தவிர, பிள்ளையைக் காப்பாற்றாது.

இத்தேர்வை எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள்.