கையொப்பமிட்ட நாடுகளின் கடப்பாடு: இலங்கை இனப்பிரச்சினைத் தீர்வில் வெளிநாடுகளின் பங்கு குறித்த எமது நிலைப்பாடு

இனப்பிரச்சினை உள்நாட்டு விவகாரம், அதில் அயலவருக்கு வேலையில்லை என்ற வாதம் கொழும்பில் ஆட்சி மாறினாலும் மாறுவதில்லை. எமது அமைப்பு இதை ஏற்கவில்லை. அதேவேளை, வெளிநாடுகள் வந்து தீர்வைத் தந்துவிடும் என்று எமது மக்களிடையே நிலவும் நம்பிக்கையையும் நாம் ஏற்கவில்லை. தீர்வை இத்தீவின் மக்கள்தான் பேசி எட்ட வேண்டும். எட்டிய தீர்வு அடுத்த ஆட்சியில் கைவிடப்படாமல் இருக்க, வெளிநாடுகள் எழுத்தில் உத்தரவாதம் தந்து, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

வெளியார் எவரும் இல்லாமல் செய்த ஒப்பந்தங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாடறியும். 1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்கவும் தந்தை செல்வாவும் செய்துகொண்ட உடன்படிக்கை முழுக்க முழுக்க உள்நாட்டு ஏற்பாடு. ஒன்பது மாதம் ஆகுமுன், 1958 ஏப்ரல் 9 அன்று, பௌத்த பிக்குகள் ரொஸ்மீட் பிளேஸிலுள்ள பிரதமரின் வீட்டு வாசலில் குந்தியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அன்றே உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1965 இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய மாவட்ட சபைச் சட்டமூலம் 1968 இல் கிடப்பில் போடப்பட்டது. இரண்டு தடவையும் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கும் உரித்துள்ள மூன்றாம் தரப்பு இருக்கவில்லை. வெளிநாட்டுப் பங்களிப்பை நாம் வலியுறுத்துவதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

ஆனால் மூன்றாம் தரப்பு இருந்தபோது நடந்ததையும் மறைக்காமல் பேச வேண்டும். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் கொழும்பில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 2.14 ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒப்பந்தத்தின் தீர்மானங்களுக்கு இந்திய அரசு பொறுப்பேற்று உத்தரவாதம் அளிக்கும், அவற்றை நடைமுறைப்படுத்த ஒத்துழைக்கும் என்கிறது அந்தப் பிரிவு. தமிழர் தொடர்பான வேறெந்த ஆவணத்திலும் ஒரு வெளிநாடு இவ்வளவு வெளிப்படையாகப் பொறுப்பேற்றதில்லை.

அந்த உத்தரவாதம் என்ன ஆயிற்று? இணைக்கப்பட்ட வடக்கு கிழக்கு தொடர்வதா என்று கிழக்கு மக்களிடம் 1988 டிசம்பர் 31க்கு முன் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றது ஒப்பந்தம். ஜனாதிபதிகள் ஆண்டுதோறும் அதை ஒத்திவைத்தார்கள். கடைசியில் 2006 அக்டோபரில் இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரியில் மாகாணங்கள் பிரிக்கப்பட்டன. ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதியுள்ள பொலிஸ் அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் கைமாறவில்லை. அரச காணிக் கொள்கையை வகுக்க அமைய வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு அமையவே இல்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இலும் வடக்கின் பதவிக்காலம் 2018 இலும் முடிந்தன. அதன்பின் மக்கள் தெரிவு செய்த சபை இல்லை, ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் நிர்வாகம். இத்தனைக்கும் உத்தரவாதம் தந்த நாடு செய்ததெல்லாம், 13ஆம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று பல கூட்டறிக்கைகளில் ஒரு வரி சேர்த்ததுதான்.

இதே ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிய கடிதங்களில் இன்னொரு விடயமும் இருந்தது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைப் புனரமைத்து இரு நாடுகளும் கூட்டாக இயக்கும் என்பது அது. சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்தில் கட்டிய 99 தாங்கிகள். 2022 ஜனவரியில் அதற்கான உடன்பாடு கையெழுத்தானது: 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 கூட்டு நிறுவனத்துக்கு. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தும் டில்லி அந்தக் கடிதத்தை மறக்கவில்லை, விடவும் இல்லை. இந்தியா தன் நலனைப் பார்ப்பதில் எமக்கு மனத்தாங்கல் இல்லை. எந்த நாடும் அதைத்தான் செய்யும். ஒரே நாளில் கையொப்பமான ஆவணங்களில் தாங்கிகளுக்குக் கிடைத்த விடாப்பிடியான அக்கறை, அந்தத் தாங்கிகளைச் சுற்றி வாழும் மக்களின் அதிகாரத்துக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

உத்தரவாதம் என்ற பெயரில் படை வருவதை நாம் ஒருபோதும் கேட்க மாட்டோம். 1987 அக்டோபரில், தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றார்கள். காக்க வந்த படை மூன்றே மாதத்தில் போரில் ஒரு தரப்பாகிவிட்டது. அந்த இழப்பு எமது குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை.

சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்காமல் அரசுகள் பேசி முடிப்பதையும் எதிர்க்கிறோம். 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 9,75,000 பேரை இரு அரசுகளும் பங்கு பிரித்த ஏற்பாடு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. நோர்வே அனுசரணையுடன் 2002 இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் தொடங்கிய பேச்சிலும் இதே குறை இருந்தது. முஸ்லிம்கள் தனித் தரப்பாக அமரக் கேட்டார்கள், இடம் கிடைக்கவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய அந்த மக்களைத் தவிர்த்துவிட்டு வடக்கு கிழக்கின் எதிர்காலத்தைப் பேசியது பெரும் பிழை. இனி அமையும் எந்த மேசையிலும் முஸ்லிம்களுக்கும் மலையக மக்களுக்கும் சொந்த ஆசனம் இருக்க வேண்டும்.

நோர்வேயின் முயற்சியை நாம் இகழவில்லை. போர்நிறுத்தம் பல உயிர்களைக் காத்தது. ஏ-9 வீதி திறந்தது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பை ஆராய இரு தரப்பும் இணங்கின. ஆனால் மீறலைப் பதிவு செய்வதற்கு மேல் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கு அதிகாரம் இருக்கவில்லை. 2003 ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டொலர் உதவியை அறிவித்த உதவி வழங்கும் நாடுகள், பேச்சின் முன்னேற்றத்தோடு அதைப் பிணைத்ததாகச் சொன்னாலும் பின்னர் அந்தப் பிணைப்பைப் பேணவில்லை. 2008 ஜனவரியில் அரசாங்கம் போர்நிறுத்தத்திலிருந்து விலகியபோது கவலை தெரிவித்ததோடு அவர்களின் கடமை முடிந்தது.

ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையைப் பொறுத்தவரை, 2015 இல் தானே இணை அனுசரணை வழங்கிய தீர்மானத்திலிருந்து 2020 இல் இலங்கை அரசு வெளியேறியது. போர்க்கால மீறல்களின் சாட்சியங்களைத் திரட்டிப் பேணும் பொறிமுறை 2021 இல் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தில் உருவானது. அது தொடர வேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டார்கள். அரசியல் தீர்வு தருகிறோம், விசாரணையை விடுங்கள் என்றோ, விசாரணை நடக்கிறது, அதிகாரப் பகிர்வைப் பிறகு பார்ப்போம் என்றோ வரும் எந்தப் பேரத்துக்கும் எமது அமைப்பு உடன்படாது.

நாடுகள் மனம் வைத்தால் எப்படி இயங்கும் என்பதற்கு அண்மைய உதாரணம் கடன் விவகாரம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியன இணைத்தலைமை வகித்த கடன்வழங்குநர் குழுவுடன் 2024 ஜூனில் உடன்பாடு எட்டப்பட்டது. சர்வதேச நாணய நிதியம் ஒவ்வொரு தவணையையும் மீளாய்வுக்குப் பிறகே விடுவிக்கிறது. காலவரை, மீளாய்வு, தவறினால் விளைவு மூன்றும் அங்கே உண்டு. அப்போது "உள்நாட்டு விவகாரம்" என்று எந்த அரசாங்கமும் வாதிடவில்லை.

அரசியல் தீர்வுக்கும் இதே ஒழுங்கைக் கேட்கிறோம். இந்தியா 2.14 ஆம் பிரிவின் கீழ் தன் கடப்பாட்டை மீள உறுதிப்படுத்தி, மாகாண சபைத் தேர்தலுக்கும் காணி, பொலிஸ் அதிகாரங்களுக்கும் நாள் குறித்த அட்டவணையைக் கொழும்பிடம் பெற வேண்டும். 13ஆம் திருத்தம் எமது முடிவான தீர்வல்ல. கையிலுள்ள சட்டத்தையே நடைமுறைப்படுத்தாதவர்கள் சமஷ்டியைத் தருவார்கள் என்று நாம் நம்புவதற்கு இடமில்லை என்பதால் முதலில் இதைக் கேட்கிறோம். புதிய அரசியலமைப்புக்கான பேச்சு தொடங்கும்போது இந்தியாவுடன் குறைந்தது இன்னொரு நாடு சாட்சியாகவும் உத்தரவாதமாகவும் கையொப்பமிட்டு, அமுலாக்கத்தை ஆண்டுதோறும் பகிரங்கமாக மீளாய்வு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தும்படி நாம் கேட்கவில்லை. அது ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் எங்கள் வன்னிப் பிள்ளைகளின் சம்பளத்திலும் கைவைக்கும். அபிவிருத்திக் கடன்களையும் இராணுவப் பயிற்சிகளையும் மீளாய்வோடு பிணைப்பதே உகந்தது.

தமிழ்க் கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. டில்லியிலிருந்தோ வேறு தலைநகரிலிருந்தோ ஓர் அமைச்சர் வரும்போதெல்லாம் தனித்தனியே சந்தித்து, தனித்தனிக் கோரிக்கை கொடுத்து, தனித்தனிப் படம் எடுத்துக்கொள்வதை நிறுத்துங்கள். எல்லோரும் ஒப்பமிட்ட ஒரே ஆவணத்தை எழுதுங்கள். அடுத்த சந்திப்புக்கு அதை மட்டும் கொண்டு செல்லுங்கள்.