‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்!

சென்ற மழைக்காலத்தில் மும்பையில் நம் பகுதிச் சந்து ஒன்றுக்கு ஓர் அம்மையார் வந்தார். மத்திய அரசின் மாதிரி ஆய்வுக்காக வந்திருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார். பட்டியலில் விழுந்திருந்த வீடுகளுக்கு மட்டும் போனார். என்ன சமைக்கிறீர்கள், எவ்வளவு செலவாகிறது, யாருக்கு என்ன வேலை, கடன் உண்டா என்று கேட்டார். முதல் வீட்டில் கதவே திறக்கவில்லை. இரண்டாம் வீட்டில் “அவர் வேலைக்குப் போயிருக்கிறார், எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வீட்டில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். கேட்டதற்கெல்லாம் “சப் டீக் ஹை” என்று பதில் சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

அந்த மூன்றாம் வீட்டின் நிலை நமக்குத் தெரியும். நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கிறது. மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். மாதக் கடைசி வாரத்தில் பால் வாங்குவது நின்றுவிடும். “ஏம்மா, உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?” என்று சங்கத்தில் கேட்டோம்.

“யாருன்னே தெரியாதவங்ககிட்ட நம்ம வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லணுமா அண்ணாச்சி? ஊரை விட்டு வந்தாலும் மானத்தை விட்டுட்டா வந்தோம்?” என்றார் அந்தத் தாய்.

அவருக்கு அன்று நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். சர்வே என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. இந்த நகரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல நேரம் இடிக்கும் வண்டியும் வந்திருக்கிறது. 1961-ல் சேலத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தமிழரின் கதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஊரில் நிலமற்ற கூலி. வறட்சியில் வேலை போயிற்று. இங்கே நாளுக்கு 23 ரூபாய்க் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்கு 2,500 ரூபாய் பிடுங்கப்பட்டது. 1981 ஜூலை 23 அன்று அதையும் மாநகராட்சி இடித்துத் தள்ளி, குடும்பத்தோடு சேலத்துக்குப் பேருந்து ஏற்றியது. மனைவியும் மகள்களும் அங்கேயே தங்கினார்கள். அவர் மட்டும் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் படுத்தார்.

அவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. பிழைப்பதற்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் சொன்னது. ஆயினும் அகற்றலைத் தடுக்கவில்லை. ஆனால் 1976-ல் அரசு எடுத்த கணக்கில் பெயர் இருந்தவர்களுக்கு மாற்றிடம் கொடுக்க வேண்டும் என்றது. கவனியுங்கள் தோழர்களே! அன்று கணக்கில் இருந்தவனுக்கு ஒரு மாற்றிடமாவது கேட்க வழி இருந்தது. கணக்கில் இல்லாதவனுக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே இரண்டு விதமான கணக்குகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒன்று, யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று தகுதி பார்க்கும் கணக்கு. தாராவியில் 2024-ல் தொடங்கிய வீடு வீடான கணக்கெடுப்பு இந்த வகையைச் சேர்ந்தது. அதில் பெயரும் காகிதமும் முக்கியம். எழுதிக் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். மற்றொன்று, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நாடு முழுவதும் கேட்கும் மாதிரி ஆய்வு. 1950-ல் பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அப்படிப்பட்டது. தேவ்னாரில் இருக்கும் மக்கள்தொகை நிறுவனம் நடத்திவரும் தேசியக் குடும்பநல ஆய்வும் அப்படிப்பட்டதே. புள்ளிவிவரத்துக்கென்று வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, “சர்வே என்று எவர் வந்தாலும் பேசாதீர்கள்” என்று சில ஆண்டுகளுக்கு முன் சங்கக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர்கள் நாமே. அது நம் தவறு. இன்று திருத்திக்கொள்கிறோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் நம் பாட்டிமார். மாதிரி ஆய்வின் வேலையும் அதுதான். 2022-23-ல் நடந்த குடும்பச் செலவு ஆய்வில் நாடு முழுவதும் 2,61,746 வீடுகளில் கேட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே நாட்டில் ஏறத்தாழ 25 கோடிக் குடும்பங்கள் இருந்தன. அப்படியானால் ஒரு வீட்டில் சொன்ன பதில் ஏறத்தாழ ஆயிரம் வீடுகளுக்காகப் பேசுகிறது. நம் சந்தின் மூன்றாம் வீட்டுத் தாய் மறைத்தது தன் வீட்டுக் கடனை மட்டுமா? தன்னைப் போன்ற ஆயிரம் வீடுகளின் கடனையும் அல்லவா! வேகாத சோறு தன்னை வெந்ததென்று சொன்னால் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

இந்த ஆய்வுகளால் நமக்கென்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சில எண்களை எடுத்து வைக்கிறோம்.

அதே 2022-23 ஆய்வின்படி நகரத்தில் ஒரு ஆள் ஒரு மாதத்துக்குச் சராசரியாகச் செலவிடுவது 6,459 ரூபாய். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 32,295 ரூபாய் ஆகிறது. உங்கள் வீட்டில் அவ்வளவு புரளுகிறதா? சராசரி என்பது மலபார் ஹில் மாளிகையையும் நம் பத்துக்குப் பத்துக் கோலியையும் கூட்டி வகுத்தது. ஆனால் அதே அறிக்கை உள்ளே இன்னொன்றும் சொல்கிறது. நகரத்தின் அடித்தட்டில் உள்ள நூற்றுக்கு ஐந்து பேரின் செலவு மாதம் 2,001 ரூபாய். மேல்தட்டில் உள்ள நூற்றுக்கு ஐந்து பேருக்கு 20,824 ரூபாய். பத்து மடங்கு வேறுபாடு! இதை எந்த மேடைப் பேச்சாளரும் கற்பனையாகச் சொல்லவில்லை. அரசாங்கமே அச்சிட்டிருக்கிறது. கூலி உயர்வு கேட்கப் போகும்போது இதைக் காட்டிக் கேட்கலாம் அல்லவா?

வருமானம் மட்டுமா வாழ்க்கை? 2019-21 குடும்பநல ஆய்வில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. 2015-16-ல் இது 53 ஆக இருந்தது. நாடு வளர்கிறது என்ற முழக்கத்துக்கு நடுவே நம் தாய்மார்களின் இரத்தம் வற்றிக்கொண்டிருந்தது என்பதை அந்த ஒரு சொட்டு சொல்லிவிட்டது.

2024-ல் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. வீட்டு வேலை பார்க்கும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் கூலியில்லாமல் உழைக்கிறாள். ஆணின் பங்கு 88 நிமிடம். குழாயடி வரிசையும் அடுப்பும் துணி துவைப்பும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அப்படியிருந்தும் “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்டால் “சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்” என்கிறார்கள் நம் சகோதரிகள். இனிமேல் அந்தச் ‘சும்மா’வை விட்டுவிடுங்கள் தாய்மார்களே! ஊதுவத்தி உருட்டினாலும், பூக் கட்டினாலும், இட்லி மாவு ஆட்டி விற்றாலும் அதைச் சொல்லுங்கள்.

நாம் உண்மை சொன்னால் மட்டும் போதுமா? போதாது. கணக்கு எடுத்தவர்களும் அதை மறைக்காமல் வெளியிட வேண்டும். 2017-18-ல் நடத்திய குடும்பச் செலவு ஆய்வின் முடிவை, தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அதே ஆண்டுக்கான வேலைவாய்ப்பு ஆய்வு 6.1 சதவீத வேலையின்மையைக் காட்டியது. அது தாமதிக்கப்பட்டதை எதிர்த்து 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்த பிறகு, மே 31 அன்றுதான் அறிக்கை வெளிவந்தது. ஏழை திறந்து சொன்னதை அரசு பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

எண்ணாமலே விட்டதும் உண்டு. 2020 மார்ச் 25 அன்று நாடு பூட்டப்பட்டது. நம்மைப் போன்ற தொழிலாளர்கள் கால்நடையாக ஊருக்குப் புறப்பட்டார்கள். வழியில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய விவரம் இல்லை என்பதே அரசின் பதில். நம்மில் ரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிப்பவர்களுக்கு ஒரு விதி தெரியும்: பதிவேட்டில் ஏறாத மூட்டை காணாமற் போனால் அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. மனிதனையும் மூட்டையைப் போலவே நடத்தினார்கள்!

ஆகவே நாம் கோருவது இது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலையை ஒவ்வொரு ஆய்வு அறிக்கையிலும் தனியே பிரித்துக் காட்டு. 2007-08-ல் இடப்பெயர்வு பற்றி விரிவான ஆய்வு நடந்தது. பிறகு 2020-21 வேலைவாய்ப்பு ஆய்வில்தான் அந்தக் கேள்விகள் மீண்டும் வந்தன. பத்தாண்டுக்கு ஒருமுறை நினைத்துக்கொள்ள நாம் திருவிழாத் தேர் அல்லர். நிலையான இருப்பிடம் இல்லாமல் அலைபவர்களை மாதிரி ஆய்வுகள் சேர்ப்பதில்லை. சில மாதத்துக்கொரு கட்டட வேலைக்கு மாறிக்கொண்டே இருக்கும் கொத்தனாரும் சித்தாளும் எந்தப் பட்டியலில் வருவார்கள்? அவர்களைக் கண்டு கேட்க ஒரு வழி செய்! தமிழர் வாழும் சந்துக்குத் தமிழ் தெரிந்தவரை அனுப்பு!

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்கவும் தேவையில்லை. 1985-ல் பைக்குலா பகுதி நடைபாதை மக்களை ஸ்பார்க் என்ற அமைப்பு எண்ணியது. ஏறத்தாழ 6,000 குடும்பங்களின் நிலை அச்சில் வந்தது. நம் சங்கத்துக்கும் அது முடியும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குடும்பத்தில் எத்தனை பேர், கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, தண்ணீருக்கு எவ்வளவு நேரம் என்று ஆறே கேள்விகள். பத்தாவது படித்த நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து சந்தாகப் போய் எழுதட்டும். பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும்.

கடைசியாக அந்தத் தாய்க்கு: மானம் போய்விடும் என்று அஞ்சினீர்கள் அம்மா. நாளெல்லாம் உழைத்தும் மாதக் கடைசியில் பிள்ளைக்குப் பால் இல்லையென்றால், அந்த அவமானம் உங்களுடையது அன்று. உழைப்பை வாங்கிக்கொண்டு பாலுக்குக் காசு தராதவர்களுடையது. அடுத்த முறை கதவு தட்டப்படும்போது, அட்டையைப் பாருங்கள், எந்த ஆய்வு என்று கேளுங்கள், சந்தேகம் இருந்தால் சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். பிறகு உட்கார வைத்து, தேநீரோடு உள்ளதையும் சேர்த்துக் கொடுங்கள்.