மூளையில் நீர்க்கட்டி, கையில் கார்டு இல்லை!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலை முன்னால் நிற்கும் காண்டிராக்ட் தொழிலாளி வலிப்பு வந்து விழுந்தால் என்ன நடக்கிறது? கையில் ஒரு இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். "குடித்துவிட்டு வந்தான்" என்பார் மேஸ்திரி. மறுநாள் கேட்டில் அவன் பெயர் இராது. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமென்றால், நாள் முழுவதும் இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வலிப்பே வந்திருக்கக் கூடாதே!

வலிப்புக்குக் காரணங்கள் பல. மூளையில் உண்டாகும் நீர்க்கட்டி அதில் ஒன்று. கட்டி என்றதும் புற்றுநோய் என்று குடும்பமே ஒப்பாரி வைக்கிறது. கைப்பிடி நிலம் இருந்தால் அதையும் விற்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை புற்றே அல்ல.

எது என்ன கட்டி என்று பிரித்துக் காட்டும் கருவிதான் எம்.ஆர்.ஐ. காந்த சக்தியால் படம் எடுப்பது. சாதாரணப் படத்தில் இரண்டு கட்டிகள் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று, மூளை உறையில் தேங்கிய வெறும் நீர்ப்பை. தொல்லை தராவிட்டால் பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டாம். மற்றது எபிடெர்மாய்டு, தோல் செதில் சேர்ந்து மெல்ல வளர்ந்து நரம்புகளைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே நீர் எவ்வளவு தடையின்றி நகர்கிறது என்று பார்க்கும் 'டிஃப்யூஷன்' முறையில் எடுத்தால் முன்னது கறுப்பு, பின்னது வெளுப்பு. சில நிமிட வேலை!

நம் ஏழை மக்களுக்கு அதிகம் வருவது இன்னொன்று: நாடாப்புழுக் கட்டி. மெல்லிய துண்டு துண்டாக எடுக்கும் படத்தில், பைக்குள் புழுவின் தலை புள்ளியாகத் தெரிந்துவிடும். பலருக்கு மாத்திரையிலேயே குணமாகும். முன்பு இத்தகைய சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலானவை புழுக்கட்டியே என்று 1990-களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் காட்டினார்கள். வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் விசாரித்து 2006-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம்.

'பன்றி தின்பவன் வியாதி' என்று ஏளனம் பேசும் மேதாவிகளே, கேளுங்கள்! அரைவேக்காட்டுப் பன்றிக்கறி தின்றால் குடலில்தான் புழு. மூளைக்கட்டி வருவது, மனித மலத்தில் இருக்கும் புழு முட்டை தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்து வாய்க்குள் போவதால். சுத்த சைவருக்கும் வரும். கக்கூசும் நல்ல தண்ணீரும் இல்லாத தகரக் கொட்டகைகளில் பீகார், ஒடிசா தொழிலாளிகளை அடைத்து வைத்தது யார்?

காண்டிராக்டரின் ஆளுக்கும் முதன்மை முதலாளியே முதலில் சந்தா கட்ட வேண்டும் என்று 1948-ம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்திலேயே எழுதினார்கள். பேரேட்டில் பெயரே ஏறாதவனுக்குச் சந்தா எங்கிருந்து வரும்? கார்டு இல்லாதவன் தனியார் ஸ்கேன் கடையில் கடன் வாங்கிக் கொட்டுகிறான். அல்லது கூலியை இழந்து சென்னை பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கிறான். வயல் கூலிக்குப் போகும் நம் தாய்மார்களுக்கோ கார்டு என்ற பேச்சே இல்லை. பெயரைப் பதிவு செய், கார்டைக் கொடு, சர்க்கார் கருவிகளை இரவிலும் ஓட்டு என்று கேட்கிறோம். வலிப்பைக் காட்டி வேலையைப் பறிக்காதே, உலையிலிருந்து மாற்று வேலைக்கு அனுப்பு என்கிறோம்.

ஸ்கேனுக்குப் போகும் கிரைண்டிங், வெல்டிங் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் தெறித்திருந்தால் உள்ளே போகுமுன் சொல்லிவிடுங்கள். காந்தம் அதை அசைத்தால் கண் போய்விடும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.