வேலிக்குச் சட்டம் இல்லை, கல்லுக்கு உண்டு

மலபார் நில ஆவணங்களைப் படிக்கிறவன் என்று தெரிந்துவிட்ட பிறகு, பாலக்காட்டில் என்னிடம் வழி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வேலித் தகராறு உள்ளவர்களாக இருக்கிறார்கள். பேராசிரியர்களும் இதில் அடக்கம். கதை பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். இடவப்பாதி மழையில் இரு வீட்டுக்கும் இடையிலான மதில் பத்தடி நீளத்துக்குச் சரிகிறது. கட்டியவர் யார், செலவு யாருடையது என்று பேச்சு தொடங்குகிறது. மூன்றாம் நாள் ‘மதிலே என் நிலத்தில்தான் நிற்கிறது’ என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். மற்றவர் அன்றிரவே பெட்டியைத் திறந்து பத்திரத்தைத் தேடுகிறார். ஒரு மாதத்தில் அளவைக்கு மனு. ஆறு மாதத்தில் முன்சீப் நீதிமன்றம். சரிந்த பத்தடி சரிந்தபடியே கிடக்க, இரு வீட்டுக் கோழிகளும் அவ்வழியே தாராளமாகப் போய்வருகின்றன.

இதில் இருப்பவை இரண்டு வழக்குகள். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது ஒன்று. உடைந்த வேலியை யார் செப்பனிடுவது என்பது மற்றொன்று. முதலாவதற்கு இந்தியச் சட்டத்தில் நூறாண்டு வளர்ந்த விடை இருக்கிறது. இரண்டாவதற்கு ஏறத்தாழ விடையே இல்லை. விடையில்லாத கேள்வியோடு வருகிறவர், விடையுள்ள கேள்வியாக அதை மாற்றிக்கொண்டு நீதிமன்றப் படியேறுகிறார். சில ஆயிரம் ரூபாய்க் கொத்துவேலை நில உரிமை வழக்காக வளர்வதற்கு அண்டை வீட்டாரின் குணக்கேட்டைக் காட்டிலும் இந்த இடைவெளியே பெரிய காரணம் என்பது என் கருத்து.

சட்டத்தைச் சற்றுப் பாருங்கள். 1923ஆம் ஆண்டின் சென்னை நில அளவை, எல்லைகள் சட்டமும், மலபார் கேரளத்தோடு இணைந்த பின் அதன் இடத்துக்கு வந்த 1961ஆம் ஆண்டின் கேரளச் சட்டமும் அளவைக் கல்லைப் பேணும் கடமையை நில உடைமையாளர்மேல் சுமத்துகின்றன. அரசு நட்ட எல்லைக்கல்லைப் பெயர்ப்பதை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே 434ஆம் பிரிவில் தனிக் குற்றமாக்கியிருந்தது. கல்லுக்கு இத்தனை காவல். இரு கற்களுக்கு இடையே நிற்கும் வேலியைப் பற்றி, அதைப் பொதுச் செலவில் காக்க வேண்டும் என்று சொல்லும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆடுமாடு வேலி தாண்டினால் பிடித்துப் பட்டியில் அடைக்க 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இடம் கொடுக்கிறது. மாட்டுக்குப் பொறுப்பாளி உண்டு, ஓட்டைக்கு இல்லை.

உலகெங்கும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1968 முதலும், நியூசிலாந்தில் 1978 முதலும், நியூ சவுத் வேல்ஸில் 1991 முதலும் வேலிக்கென்றே தனிச்சட்டம் நடப்பில் இருக்கிறது. கலிபோர்னியா 2013இல் தன் பழைய விதியைத் திருத்தி எழுதியது. இவற்றின் சாரம் எளியது: போதுமான வேலிக்கு ஆகும் செலவில் இரு தரப்பும் பொதுவாகப் பாதிப் பாதி, வேலை தொடங்குமுன் எழுத்தில் அறிவிப்பு, இசைவு இல்லையேல் கீழ்நிலை மன்றம் ஒன்றின் முடிவு. எல்லையைப் பற்றிய பெருவாதம் எழாமலே வேலி எழுந்துவிட இது வழிசெய்கிறது.

நம்மிடம் சட்டம் இல்லாத இடத்தில் முன்பு வழக்கம் இருந்தது. கேரளத்துக் கிராமங்களில் தென்னோலையும் முள்ளும் வைத்து ஆண்டுதோறும் வேலி கட்டினார்கள். சிற்றூர் வட்டத்துக்குக் கிழக்கே கொங்கு நாட்டில் கிளுவையை நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். ஓலை வேலி ஒரு மழைக்குமேல் தாங்காது. தாங்காமையே அதன் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கொரு முறை இரு வீட்டாரும் அதே வரிசையில் நின்று, ‘போன வருஷம் கம்பு இங்கேதானே இருந்தது’ என்று பார்த்துக்கொண்டாக வேண்டும். எல்லை ஒப்பந்தம் ஆண்டுதோறும் வாய்மொழியாகப் புதுப்பிக்கப்பட்டது. வெட்டுக்கல் மதிலும் சிமெண்டு மதிலும் வந்து அந்தப் பேச்சை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒத்திவைத்துவிட்டன. மதில் விழும் நாளில் அதைக் கட்டிய இருவரும் உயிரோடு இருப்பதில்லை. ஒரு பக்கம் பேரன், மறுபக்கம் நிலத்தை விலைக்கு வாங்கிய அந்நியர். பழைய வழக்கத்தைப் பொற்காலமாக்குவது என் நோக்கமன்று. ஓலை வேலிக்காகவும் அடிதடி நடந்திருக்கிறது. ஆனால் அந்தச் சண்டை சிறியதாக இருக்கும்போதே வெளியே வந்துவிட்டது.

அரையடிக்காகவா இவ்வளவு என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். நிலம் அளந்த பழைய சங்கிலியின் நீளம் 66 அடி. பக்கத்துக்கு ஒரு சங்கிலி கொண்ட சதுரம் சரியாக 10 சென்ட். கேரள நிலச் சீர்திருத்தத்தில் குடிகிடப்புக்காரர் ஊராட்சிப் பகுதியில் பெறக்கூடிய உச்ச அளவும் அதே 10 சென்ட்தான். அந்தச் சதுரத்தின் ஒரு பக்க வேலி அரையடி நகர்ந்தால் இழப்பு 33 சதுர அடி, அதாவது ஒரு சென்டில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் பத்து சென்ட் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு அது நிலக்கணக்கு மட்டுமன்று. தலைமுறைகளுக்குப் பின் தன் பெயரில் வந்த முதல் மண். ‘விட்டுக்கொடுத்துப் போங்கள்’ என்று அவர்களுக்குச் சொல்ல ஆறு ஏக்கர் உள்ளவருக்கு என்ன தகுதி?

அளந்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் மிகையானது. 1:2000 அளவில் வரைந்த புல வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பருமனுள்ள மைக்கோடு, தரையில் ஒரு மீட்டரை மறைத்து நிற்கிறது. நாற்பது சென்டிமீட்டருக்குச் சண்டையிடுகிற இருவர், ஒரு மீட்டர் அகலமுள்ள கோட்டைக் காட்டி ஆளுக்கொரு பக்கம் வாதாடலாம். பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் எல்லை விவரத்துக்கே நீதிமன்றங்கள் பொதுவாக முதன்மை தருகின்றன. அந்த எல்லையோ ‘கிழக்கே இன்னார் வேலி’ என்று எழுதப்பட்டிருக்கும். வேலியைத் தேடித்தான் பத்திரத்தைப் பிரித்தோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

வழக்கு தொடுத்தாலோ, உறுத்துக்கட்டளை கேட்பதில் தொடங்கி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளைப்படி வழக்கறிஞர் ஆணையரும் நில அளவரும் வந்து பார்த்து, அறிக்கைக்கு ஆட்சேபணை, மறு அறிக்கை என்று போகிறது. எதிர்த்தரப்பு நம் உரிமையையே ஐயத்துக்குள்ளாக்கிவிட்டால், வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது, உரிமை விளம்புகையும் கோர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் அனதுலா சுதாகர் வழக்கில் தெளிவுபடுத்தியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை நம் ஊரில் சும்மா பிறக்கவில்லை.

பின் ஏன் யாரும் இறங்கிவருவதில்லை? அச்சம். இன்று பேசாமல் இருந்தால் 12 ஆண்டு கழித்து எதிரிடை அனுபவ உரிமை என்று நிலத்தையே எடுத்துக்கொள்வார் என்ற அச்சம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் அதற்கு அடிப்படை இருக்கிறது, ஆகவே அதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதே சட்டமரபில் ஒரு திறப்பும் உண்டு: அனுமதியின்பேரில் இருப்பது எதிரிடை அனுபவம் ஆகாது. ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது ஒரு பக்கக் கடிதம் ஒன்றைத்தான். ‘இவ்வேலி தற்காலிகப் பாதுகாப்புக்காக இப்போது நிற்கும் வரிசையிலேயே செப்பனிடப்படுகிறது, இது நிற்கும் இடம் எவருடைய எல்லையையும் தீர்மானிக்காது, அளவை நடந்தபின் அதன்படி மாற்றிக்கொள்ள இரு தரப்புக்கும் உரிமை உண்டு, செலவு பாதிப் பாதி.’ தேதி, இரு கையொப்பம், இரு சாட்சி. வேலையைத் தொடங்குமுன்னும் முடித்தபின்னும் அளவுநாடா தெரியும்படி படங்கள்.

கையொப்பமிட மறுக்கிறவரே கடினமான அண்டை வீட்டார். கத்துகிறவரை நான் கடினமானவர் என்று சொல்லமாட்டேன். அவரிடம் ஒரு நிலைப்பாடாவது இருக்கிறது. ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், ‘பார்க்கலாம் சாரே’ என்று ஆறு மாதம் புன்னகைக்கிறவர்தான் கடினமானவர். அவருக்கு அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ஐயமில்லாமல் நம்முடையது என்று தெரிந்த மண்ணுக்குள், சற்று உள்வாங்கி, நம் செலவில் கம்பிவேலி போட்டுக்கொள்வதே மேல். கடிதத்தில் அதையும் ஒரு வரியில் குறித்துவிட்டால், உள்வாங்கியதால் மிச்ச நிலத்தைக் கைவிட்டதாகப் பொருள்கொள்வது அவருக்கு எளிதாக இராது. செலவுப் பங்கு வராமல் போகலாம். அது வழக்குச் செலவைவிடக் குறைவு.

ஒன்றில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது: விழப்போகும் சுவர். 2019 டிசம்பர் 2 அதிகாலை, பாலக்காட்டுக்கு அண்டையிலுள்ள கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், ஒரு தனியார் வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் இடிந்து பக்கத்துக் குடியிருப்பின்மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அனைவரும் தலித் மக்கள். சுவரைப் பற்றி முன்பே முறையிட்டதாக அப்பகுதியினர் சொன்னார்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் சமமானவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதப்படும் எல்லா அறிவுரையும், நான் மேலே எழுதியதும் உட்பட, அங்கே செல்லாது. விழுந்து அண்டையிலுள்ளோருக்குக் கேடு செய்யும் நிலையிலுள்ள கட்டுமானத்தை அகற்றவோ செப்பனிடவோ தாங்கவோ ஆணையிடும் அதிகாரம் நிர்வாகத்துறை நடுவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. எல்லை யாருடையது என்று அங்கே நிறுவ வேண்டியதில்லை. இந்தப் பிரிவைத் தெரிந்தவர்கள் அதைத் தேவைப்படுகிறவர்களுக்கு மனுவாக எழுதிக் கொடுக்கலாம். சட்டமும் சமூகவியலும் படிக்கும் மாணவர்களைத்தான் சொல்கிறேன்.

சமரசத்துக்கும் இடங்கள் உண்டு. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் சமுதாயச் சமரசம் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்திருக்கிறது. ஆனால் அதில் எட்டும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணை போல நிறைவேற்றத்தக்கது ஆகாது என்று அச்சட்டமே சொல்கிறது. மக்கள் நீதிமன்றம் அப்படியன்று. வழக்கு தொடுக்குமுன்னரே வட்டச் சட்டப்பணிகள் குழுவிடம் மனு கொடுத்து, இருவரும் உடன்பட்டால், அந்த முடிவு 1987ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமையியல் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. வேலிச் செலவு போன்ற சிறு விவகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கேரளத்தில் 1966இல் தொடங்கி முடியாமல் நீண்ட மறு அளவைக்கு அடுத்து, 2022 நவம்பரில் எண்ணிம மறு அளவை தொடங்கியது. நில அளவர்கள் கருவியோடு வீட்டு எல்லைகளுக்கே வந்து நிற்கிறார்கள். இரு பக்கத்து உடைமையாளரையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு இப்போதுதான் கிடைக்கிறது. ஒவ்வோர் எல்லைக்கோட்டுக்கும் எதிரே, அங்குள்ள வேலியைக் கட்டியவர் யார், பேணுகிறவர் யார் என்று கேட்டு எழுத ஒரு கட்டம் படிவத்தில் சேர்க்கலாம். இருவரும் ஒப்பினால் பெயர், இல்லையேல் ‘கருத்து வேறுபாடு’ என்ற இரண்டு சொல். அளவைப் பணியாளருக்கு இது கூடுதல் சுமை என்பதையும், சில இடங்களில் உறங்கும் சண்டையை அது எழுப்பிவிடும் என்பதையும் அறிவேன். எழட்டும். மதில் நின்றுகொண்டிருக்கும்போது எழுவது நல்லது.