மண்டபத்துக்குள் ட்ரோன் வேண்டாம்



கல்யாண மண்டபங்களுக்குள் ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். வயல்வெளியிலோ ஆற்றங்கரையிலோ பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி உயரத்திலிருந்து எடுக்கட்டும். மண்டபத்திலோ மேலே கூரை, கீழே நாற்காலி போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஜனம். நடுவில் கத்தி போன்ற நான்கு இறக்கைகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழல்வதை எப்படி அனுமதிக்கிறோம்?

சென்ற தை மாதம் எங்கள் ஊரில் ஒரு முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்க, எல்லோரும் அட்சதை போட எழுந்த நேரம். மணவறைக்கு மேலே நின்ற ட்ரோன் தொங்கிய பூச்சரத்தில் சிக்கி முன்வரிசையில் விழுந்தது. ஒரு சிறுமிக்குப் புருவத்துக்கு மேலே தையல் போட வேண்டியதாயிற்று. "சிக்னல் போயிருச்சு சார்" என்றார் ட்ரோன் இயக்கியவர். "கண்ணுக்கு வந்தது புருவத்தோடு போச்சு, திருஷ்டி கழிஞ்சதுன்னு நினைச்சுக்குங்க" என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் அது திருஷ்டியும் அல்ல, தற்செயலும் அல்ல. ட்ரோன் அந்தரத்தில் இடம் நழுவாமல் நிற்பதே பெரும்பாலும் ஜி.பி.எஸ். தயவில்தான். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை கான்கிரீட் கூரையையும் தகரக் கூரையையும் தாண்டிச் சரியாக வராது. பிறகு தரையைப் பார்த்து இடம் கணிக்கும் அடிப்பக்கக் கேமராதான் துணை. பளபளக்கும் கிரானைட் தரை, மங்கிய வெளிச்சம், நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டம் என்றால் அதுவும் தடுமாறும். கட்டடத்து இரும்பும் ஸ்பீக்கரின் காந்தமும் திசைகாட்டியைக் குழப்பும். கூரையை நெருங்கினால் காற்றழுத்த வேறுபாடே அதை மேலே இழுக்கும். தொடர்பு அறுந்தால் உயரே ஏறி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்படி பல ட்ரோன்களில் ஏற்பாடு உண்டு. வெளியில் அது பாதுகாப்பு. மண்டபத்தில் மேலே இருப்பது மின்விசிறி! எவ்வளவு கைதேர்ந்தவர் இயக்கினாலும் இவற்றை மாற்ற முடியாது. கீழேயோ ஹோம குண்டமும் குத்துவிளக்கும் எரிகின்றன. ட்ரோனில் இருப்பதோ அடிபட்டால் தீப்பிடிக்கக்கூடிய லித்தியம் பேட்டரி.

2014 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் உணவகத்துக்குள் விளம்பரத்துக்காகப் பறந்த ட்ரோன், படமெடுக்க வந்த பெண்ணின் மூக்கை வெட்டியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஒரு குழந்தை கண்ணையே இழந்தது. அது திறந்தவெளியில், மரத்தில் பட்டு நிலைதவறிய ட்ரோன். திறந்தவெளியிலேயே அப்படியென்றால், ஒதுங்க இடமில்லாத மண்டபத்தில்?

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக இயக்குபவருக்கு அதற்கான சான்றிதழ் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். எந்த மண்டபத்தில் இவற்றைக் கேட்கிறார்கள்? பட்டாசு கூடாது என்று பலகை வைக்கத் தெரிந்த உரிமையாளர்கள், முன்பதிவுப் படிவத்தில் "உள்ளே ட்ரோன் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கலாமே. புகைப்படக்காரர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. ட்ரோன் உண்டா என்று கேட்டுத்தான் நாம் முன்பணம் கொடுக்கிறோம். மேலிருந்து காட்சி வேண்டுமென்றால் ஜிம்மி ஜிப் என்ற கேமரா கிரேன் இருக்கிறது.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குமுன், ஆட்கள் கூடியிருக்கும் மண்டபங்களுக்குள் ட்ரோனுக்குத் தடை விதித்து மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும். மீறி அனுமதிக்கும் மண்டபத்தின் உரிமத்தில் கை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்