ஆலை வாசலில் நிற்கும் உரிமை



திருப்பூரை அடுத்த வீரபாண்டியிலே தையல் எந்திரங்கள் ஓடுகின்றன. வெட்டுவோர் வெட்ட, தைப்போர் தைக்க, மடிப்போர் மடிக்க, பனியன் பெட்டியில் ஏறுகிறது; பெட்டி கப்பலில் ஏறுகிறது; கடல் கடந்து அமெரிக்கக் கடைவீதியில் இறங்குகிறது. அதை வாங்கி அணிந்தவன், நாற்சந்தியில் நின்று தன் நாட்டுத் தலைவனையே கண்டித்துப் பேசலாம். "பேசாதே" என்று சட்டம் இயற்ற அவன் நாட்டு மன்றத்துக்கு அதிகாரம் இல்லை!

சட்டை போகிறது, சரி. அந்தச் சட்டைக்கு நூல் நூற்றவளுக்கு உரிமை உண்டா? அதுதான் கேள்வி.

அமெரிக்க மக்கள் 1791ஆம் ஆண்டு, தங்கள் அரசியல் சட்டத்திலே பத்துத் திருத்தங்களைப் பொறித்தனர். பேச்சுரிமை, எழுத்துரிமை, கூடும் உரிமை, விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமை, காரணமின்றி வீடு புகுந்து சோதனையிடாதிருக்கும் உரிமை, இவை யாவும் அங்கே குடிமகனின் கேடயங்கள். போற்றுகிறோம்! ஆனால், பகுத்தறிவாளன் போற்றும்போதும் கண்ணை மூடிக்கொள்ள மாட்டான். அந்தக் கேடயம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? அரசாங்கத்தின் பக்கம்! அரசாங்கம் அடித்தால் தடுக்கும். அடுத்த வீட்டுக்காரன் அடித்தால்?

அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டுத் திருத்தம் தனியாரையும் கட்டுப்படுத்தியது உண்மை. ஆனால், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை விடுதிக்காரன் விரட்டினான். நாடகக் கொட்டகைக்காரன் விரட்டினான். வழக்கு, அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. 1883ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு என்ன? சம பாதுகாப்பு உரிமை அரசின் செயலைத்தான் தடுக்கும். தனி மனிதன் காட்டும் வேற்றுமையை அன்று! அந்தத் தீர்ப்பின் நிழலிலே எண்பது ஆண்டுகள் இழிவு வளர்ந்தது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கிரீன்ஸ்பரோ நகரிலே நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையிலே அமர்ந்தனர். உணவு தர மறுத்தனர். மாணவர் எழ மறுத்தனர்! 1964ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்த பிறகே, உணவு விடுதியின் கதவு சட்டப்படி திறந்தது.

இங்கே நமது நிலை என்ன? இந்த நாட்டிலே மனிதனை மிதித்தவன் அரசன் மட்டுமா? ஊர் மிதித்தது, சாதி மிதித்தது, பண்ணை மிதித்தது, ஆலை மிதித்தது. இதை அறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் தலைமையில் அமைந்த குழு வரைந்த அரசியல் சட்டம், 1950ஆம் ஆண்டு ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆவது விதியின் இரண்டாம் பகுதி, கடையிலும் உணவு விடுதியிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆவது விதி தீண்டாமையை ஒழிக்கிறது. 23ஆவது விதி கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 24ஆவது விதி, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை ஆலையில் வேலைக்கு வைக்காதே என்கிறது. இவை அரசைப் பார்த்து மட்டும் கூறப்பட்டவை அல்ல. தேநீர்க் கடைக்காரனையும் ஆலை முதலாளியையும் நேருக்கு நேர் பார்த்துக் கூறப்பட்டவை!

அமெரிக்கன் சட்டை வாங்குகிறான் நம்மிடம். இந்த ஒன்றிலே, அவன் நம்மிடம் பாடமும் வாங்கலாம்!

பெருமைதான். ஆனால், பெருமையோடு வீடு போய்ச் சேரலாமா? அந்தப் பனியனைப் பின்னோக்கிப் பிரித்துப் பாருங்கள். தையலைப் பிரித்தால் துணி. துணியைப் பிரித்தால் நூல். நூலின் முனையைப் பிடித்து நடந்தால், கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள். அங்கேதான் வந்தது 'சுமங்கலித் திட்டம்'! ஏழை வீட்டுப் பெண், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண், மூன்றாண்டு வேலை செய்ய வேண்டும். ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். முடிவிலே திருமணச் செலவுக்கென மொத்தமாக ஒரு தொகை. இடையிலே நோயுற்று வெளியேறினால்? தொகை கிட்டாமற் போவதும் உண்டு. தனியே வெளியே போக முடியாது. நினைத்தபோது தாயிடம் பேச முடியாது. 2011ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் வெளியிட்ட ஆய்வு இதை உலகறியச் செய்தது. 2014ஆம் ஆண்டு வந்த மற்றோர் ஆய்வும் நூற்பாலை விடுதிகளின் கட்டுக்காவலைச் சுட்டிக் காட்டியது. எல்லா ஆலைகளும் இப்படி என்று நாம் கூறவில்லை. ஒரே ஓர் ஆலை இப்படி இருந்தாலும், அது நாட்டுக்கே இழுக்கு என்கிறோம்.

"அவளாக விரும்பித்தானே வந்தாள்? யார் இழுத்து வந்தார்கள்?" என்று கேட்கிறார்கள், கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்போர்.

விருப்பமாம்! பசி தள்ள, கடன் துரத்த, வரதட்சணை மிரட்ட, வந்து நின்றவளின் கையெழுத்துக்குப் பெயர் விருப்பமா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றமே 1982ஆம் ஆண்டு விடை கூறிவிட்டது. டில்லியிலே ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் எழுப்பிய தொழிலாளர் வழக்கு அது. சங்கிலியால் கட்டினால்தான் கட்டாயமா? வறுமையால் வேறு வழியின்றி, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் உழைக்க நேர்ந்தால், அதுவும் கட்டாய உழைப்பே. 23ஆவது விதி தனியாரையும் கட்டுப்படுத்தும் என்று நீதிபதி பகவதி முதலானோர் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கு தொடங்கியது எதனால்? மக்கள் உரிமைக் கழகம் ஒன்று நீதிபதிக்கு எழுதிய கடிதத்தால்! கடிதமே மனுவாயிற்று.

பெயரைக் கவனித்தீர்களா, தோழர்களே? 'சுமங்கலி'! அடைத்து வைக்கப் பூட்டுத் தேவையில்லை. அந்த ஒரு சொல் போதும் என்று கண்டுகொண்டார்கள். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்றத்துக்குப் பணம் சேர்ப்பதையே திட்டமாக்கினார்கள்! பெண்ணுக்குச் சொத்திலே சம பங்கு என்று 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முழங்கியது. தமிழகத்தில் அது சட்டமாக அறுபது ஆண்டுகள், 1989 வரை, காத்திருக்க நேர்ந்தது. ஆனால், குடிசையில் பிறந்தவளுக்குப் பங்கு கேட்கச் சொத்து ஏது? அவளுக்குள்ள ஒரே சொத்து உழைப்பு. அதன் கூலியையும் தாலியைக் காட்டிப் பிடித்து வைப்பது தருமமா?

"தலைவிதி" என்பாள் தாய். அம்மா, தலையிலே விதி எழுதியிருப்பதை எவரும் கண்டதில்லை. அரசியல் சட்டத்திலே 23ஆவது விதி எழுதியிருப்பதை எழுத்தறிந்த எவரும் காணலாம்! காணாத விதியை நம்பும் நாடு, கண்ணெதிரே உள்ள விதியை நம்ப மறுக்கிறதே, இதைவிட மூடநம்பிக்கை வேறு உண்டா?

வீரபாண்டி இளைஞனே! படிப்பகத்திலே அமெரிக்க உரிமையைப் பற்றிப் பேசிவிட்டு, ஆலை வாசலைத் தலைகுனிந்து கடப்பது பகுத்தறிவாகாது. கேள்! கூலிச் சீட்டு உண்டா என்று கேள். பிடித்தம் எவ்வளவு, எதற்கு என்று கேள். விடுதிப் பெண்கள் விடுமுறை நாளிலே தாமே வெளியே வர முடியுமா என்று கேள். தமிழ்ப் பெண்ணுக்காக மட்டுமன்று, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவனுக்காகவும் கேள். பதில் வராவிட்டால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுவிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு உண்டு, அவருக்கு எழுது. ஒரு கடிதம் டில்லியிலே என்ன செய்தது என்பதை மறவாதே!

1932ஆம் ஆண்டு இதே திருப்பூர் வீதியிலே, கொடியேந்தி நடந்தான் குமரன்; தடியடி பட்டு மாண்டான். அன்று எதிரே நின்றது அந்நிய அரசு. இன்று எதிரே இருப்பது ஒரு விடுதிக் கதவு. அவனுக்கு மாலை சூட்டிய கையால், அந்தக் கதவைத் தட்டுவோம்!