பைபாஸில் ஏறாதீர்கள்

"பெட்ரோல் போட நானூத்தம்பது கிலோமீட்டரா போறேள்?" என்றார் எதிர்வீட்டு மாமா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாஹே என்றதும் எங்கள் திருவனந்தபுரத்து வலியசாலைக்கு மட்டுமல்ல, கேரளத்துக்கே மலிவான பெட்ரோலும் மலிவான சரக்கும்தான் ஞாபகம் வரும்.

கரையோரமாக வடக்கே காரை விட்டால், வழியெங்கும் வெள்ளைக்காரர்களின் மிச்சங்கள். அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் கோட்டை, தங்கசேரியில் போர்ச்சுகீசியர் கோட்டை, கொச்சியில் டச்சுக்காரர் கல்லறைகள். எல்லாமே வேடிக்கை பார்க்கிற இடங்களாகிவிட்டன. மாஹேயில் சொல்லும்படியான கோட்டை இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர் போட்ட எல்லை இன்னும் வேலை செய்கிறது.

1721இல் மிளகுக்காக வடகரை ஆட்சியாளரான வாழுன்னவரிடம் ஒப்பந்தம் போட்டு நுழைந்தவர்கள். 1761இலும் 1779இலும் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது வெறும் 9 சதுர கிலோமீட்டர். 1954 ஜூலை 16 அன்று ஐ.கே. குமாரன் மாஸ்டர் தலைமையில் திரண்ட மக்கள் அதையும் மீட்டார்கள். கேரளத்தோடு மட்டும் சேரவில்லை. சுற்றிலும் கேரளம், பேச்சு மலையாளம், ஆட்சி நடப்பதோ வங்கக் கரையிலுள்ள புதுச்சேரியிலிருந்து. அதனால்தான் வரி வேறு, விலையும் வேறு. அழியூர் தாண்டியதும் பங்க், ஒயின்ஷாப், மறுபடி பங்க் என்று வரிசை கட்டுவதன் காரணம் இதுதான்.

மாஹேக்கு மலையாளத்தில் மய்யழி என்று பெயர். மய்யழிப் புழை கடலில் சேருமிடத்தில் தாகூர் பூங்கா. அங்கே பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டுக்காக 1889இல் வைத்த மரியான் சிலை இருக்கிறது. சுதந்திரத்தின் உருவமாகப் பிரெஞ்சுக்காரர் கொண்டாடும் பெண்மணி. அடிமைப்பட்ட ஊரில் சுதந்திர தேவிக்குச் சிலை வைக்க அவர்களுக்குக் கூச்சமே இருக்கவில்லை! சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லூரிக் கும்பல் கடலைப் பின்னணியாக்கி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தோன்றவில்லை.

2024 மார்ச்சில் தலச்சேரி–மாஹே பைபாஸ் திறந்துவிட்டார்கள். நெரிசலில் நொந்த ஓட்டுநர்களுக்கு வரம்தான். ஆனால் அதில் போகிறவர்களுக்கு இந்த ஊர் வெறும் பெயர்ப்பலகை. அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை, பழைய ரோட்டிலேயே போங்கள். அக்டோபர் நடுவில் போனால் புனித தெரசாள் தேவாலயத் திருவிழாவும் கிடைக்கும்; மதம் பாராமல் கூடுகிற அந்தக் கூட்டத்தில் பிரான்ஸைத் தேடாதீர்கள், மய்யழியைப் பாருங்கள்.